முப்பது நோன்பும் பிடித்தவள்

1

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாறக்கூடாது. வெளிநாட்டில் இருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனி பெய்கிற அழகையும் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிற ஒழுங்கையும் எழுதுவார்கள். இங்கிலாந்தில் இந்த கவன்ட்ரி நகரத்தில் எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. ஒரு வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளின் வாயைத்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிறுத்தத்தில் பெண்பிள்ளைகள் கும்பலாக நின்று, காகிதத்தில் சுற்றிய உருளைக்கிழங்கு வறுவலை வினிகர் வாசனையோடு தின்பார்கள். ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி பிடுங்கித் தின்பாள். அவர்களைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நேற்று எங்களுக்கு நோன்புப் பெருநாள். போன பெருநாளுக்கும் இந்தப் பெருநாளுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதலாமா என்று கவரைப்பேட்டையில் இருக்கிற என் அக்காவைக் கேட்டேன்.

"எழுது. பேர மட்டும் மாத்திடு. சின்ன வயசுல நான் அழகா இருந்தேன்னும் சேத்து எழுது" என்றாள்.

பார்த்தீர்களா? பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டாள், இன்னும் அந்தப் பெருமை போகவில்லை. சரி, எழுதுகிறேன். அக்காவுக்கு நூர் என்றும், எனக்கு பரிதா என்றும் பேர் வைத்துக்கொள்ளுங்கள். நூர் அக்கா சின்ன வயதில் அழகாக இருந்தாள். ரொம்ப அழகாக இருந்தாள். போதுமா?

எங்கள் பூர்வீகம் பழவேற்காடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு எளாவூர் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. ஆந்திராவுக்குப் போகிற லாரிகள் அங்கே மணிக்கணக்கில் நிற்கும், வியாபாரம் ஓடும். குடும்பம் கவரைப்பேட்டையில். அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள், கொடி மாதிரி இருப்பாள். நான் எப்படி இருப்பேன் என்பதற்கும் சொந்தக்காரர்கள் ஒரு உவமை வைத்திருந்தார்கள். "மூத்தது கொடி, சின்னது உரல்" என்பார்கள். என் காதுபடவே சொல்வார்கள், சொல்லிவிட்டு என் கன்னத்தையும் கிள்ளுவார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சஹன் சாப்பாடுதான். பெரிய தட்டில் நெய்ச்சோறு குவித்திருக்கும், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். வீட்டிலும் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில்தான் போடுவாள். ஒரு தட்டில் தின்றால் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கும் என்பது அவள் எண்ணம். ஒற்றுமையா! கடைசி வாய் வரைக்கும் தின்று தட்டை வழித்துவிட்டு எழுந்திருப்பவள் நான். பாதியிலேயே விரலை நக்கிவிட்டு "போதும்மா" என்று எழுந்திருப்பவள் அக்கா. "பொம்பளப் புள்ளன்னா இப்படி அளவா துன்னணும்" என்று அம்மா அவளைக் காட்டி எனக்குச் சொல்வாள். அந்த நேரத்தில் எனக்கு அக்காவைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருக்கும்.

அவளுடைய பத்தொன்பது, இருபது வயதில் கொடி ரொம்பவே மெலிந்துபோனது. குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தாயத்து கட்டினார்கள். கண்ணேறு என்று முடிவானது. யார் கண்? அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றும்போது என்னை மட்டும் வாசலுக்குப் போகச் சொல்வாள். "உன் கண்ணுதாண்டி படுது, எப்பப் பாத்தாலும் அவளையே மொறச்சிக்கினு இருக்க" என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். நான் வாசலில் நின்று, அடுப்பில் வெடிக்கிற மிளகாயின் நெடியில் இருமிக்கொண்டு அழுதேன். ஏனென்றால் அம்மா சொன்னதில் பொய் இல்லை. நான் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

2

இரண்டு பேருக்கும் கல்யாணமாகி ஆளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஆண்டவன் என்ன நினைத்தானோ, பிள்ளைகளை மாற்றிக் கொடுத்துவிட்டான். அக்கா பெண் ஆயிஷா அப்படியே என்னை உரித்துவைத்தவள். கன்னம், இடுப்பு, பசி எல்லாம் என்னுடையது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறுவதற்குள் நாஷ்டா இரண்டு ரவுண்டு ஆகிவிடும் என்று அக்கா அலுத்துக்கொள்வாள். என் பெண் நஸ்ரின் அப்படியே அக்கா. அதே நீண்ட கழுத்து, அதே விரல்கள், அதே அழகு. மூன்று வயதில் அவளைப் பழவேற்காட்டுக்குத் தூக்கிப் போனபோது பார்த்தவர்கள் எல்லாம் "நூரு பொண்ணா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது, இன்னொரு பக்கம் ரகசியமாகச் சந்தோஷம். இத்தனை வருஷம் கழித்து அந்தக் கொடி என் வீட்டுப் பந்தலில் ஏறிவிட்டது அல்லவா?

என் வீட்டுக்காரர், அதாவது நஸ்ரின் அத்தா, அதே தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற இன்ஜினீயராக இருந்தார். அந்த வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. நஸ்ரினுக்கு அப்போது நாலு வயது. வந்த இரண்டாம் வருஷமே அவள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஊர், சொந்தம், ஓதல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அதனால்தான் பதினைந்தாவது வயதில் அவளாகவே வந்து, "அம்மா, இந்த ரமலான் முழுக்க நான் நோன்பு பிடிக்கிறேன்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிடித்தாள். விடியலுக்கு முன்னால் எழுந்து ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். நோன்பு திறக்கும்போது இன்னொரு பேரீச்சம்பழம், அரைக் கிண்ணம் கஞ்சி. "தொழுதுட்டு சாப்பிடுறேன்" என்று மாடிக்குப் போவாள். தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போவாள், காலியாகத் திரும்பி வரும். இங்கே என்னோடு பழகுகிற பெண்களின் பிள்ளைகள் மதியமே பள்ளிக்கூட கேன்டீனில் நோன்பை முடித்துவிடுகிறார்கள் என்று கேள்வி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெண்கள் முகத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பொறாமை தெரிந்தது. அந்த ருசியை அதுவரை நான் அனுபவித்ததே இல்லை. அனுபவித்தேன்.

பெருநாள் காலையில் அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்க, அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே அன்றுதான் கடைசி நோன்பு. ஊரில் பிறை எப்போதும் எங்களுக்கு ஒருநாள் பிந்திதான்.

"அக்கா, நஸ்ரின் முப்பதும் பிடிச்சிட்டா. ஒன்னுகூட விடல. ஆயிஷா எத்தனை?"

"அவ எங்க முப்பது பிடிக்கிறது? நடுவுல ஏழு நாள் போச்சுல்ல" என்றாள். போன் அட்டையில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"பரிதா, ஒன்னுகூட விடலியா?"

"அதான் சொன்னேனே."

"அவளுக்கு மாசாமாசம் ஒயுங்கா வருதா?"

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. மாதவிலக்கு நாட்களில் நோன்பு கூடாது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு ரமலானில் அஞ்சோ ஆறோ விட்டுப்போகும், பெருநாள் கழித்து விட்டதைப் பிடித்து நேர்செய்வோம். நானும் ஏழு நாள் விட்டிருந்தேன். ஆனாலும் என் பெண் முப்பதும் பிடித்தாள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே தவிர, எப்படி என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அக்கா கேட்டபோதும் யோசிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம்தான்.

"உன் பொண்ணால முடியல, என் பொண்ணு பண்ணிட்டா. அது உனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு மாடிக் குளியலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். வசந்தகாலத்தில் அவளுக்காக வாங்கி வைத்த நாப்கின் பொட்டலங்கள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. கீழே நஸ்ரின் பெருநாள் உடுப்பில் நின்றிருந்தாள். கண்ணாடி வளையல் முழங்கைவரை தடையில்லாமல் ஏறிக்கொண்டு போனது. பிரியாணி அடிப்பிடித்த வாசனை வந்தது.

3

இந்த நாட்டில் வைத்தியம் இலவசம், காத்திருப்பதுதான் விலை. வட்டார டாக்டரிடம் போனால் அவர் ரத்தம் எடுத்து, கடிதம் எழுதி, எங்களை இன்னொரு இடத்துக்கு அனுப்பினார். அந்த இடத்தில் கடிதம் கிடைக்கவில்லை என்றார்கள். கிடைத்த பிறகு குளிர்காலத்தில் வரச்சொன்னார்கள். "என் பிள்ளை அதுவரைக்கும் இருக்கணுமே" என்று போனில் கத்தினேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, என் கோபம் அவளுக்குப் புரிகிறது என்றாள். எனக்கு வேண்டியது தேதி, அவள் கொடுத்தது அனுதாபம்.

ஒருவழியாக மனநல டாக்டரம்மாவைப் பார்க்கப் போனால் எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். முஸ்லிம் பேரைப் பார்த்து உருதுக்காரரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு உருதுவில் தெரிந்ததெல்லாம் நாஷ்டா, பேஜாரு, இன்னும் நாலைந்து வசவு. அந்தப் பெரியவரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் திருதிருவென்று விழித்தோம். கடைசியில் என்னுடைய ஓட்டை இங்கிலீஷிலேயே பேசினேன்.

நஸ்ரினுக்கு வந்திருப்பது பசியில்லாமை இல்லை, பசியோடு சண்டை போடுகிற வியாதி என்று டாக்டரம்மா சொன்னார். எடை ஏறிவிடுமோ என்ற பயம் ஒருமுறை பிடித்தால் மூளையை விடாது. நோன்பு அதற்கு நல்ல மறைவிடமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். நான் வளர்த்த விதத்தில் தப்பா என்று கேட்டேன். இல்லை என்று உறுதியாகச் சொன்னார். உயரம் மாதிரி, சர்க்கரை வியாதி மாதிரி, இதற்கும் குடும்ப ரத்தத்தில் ஒரு பங்கு உண்டாம். ஒரே ஒரு மரபணு என்று சுட்டிக்காட்ட முடியாது. எத்தனையோ மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ந்து ஆபத்தைக் கூட்டும். இருந்தால் வந்தே தீரும் என்றும் இல்லை. சிலரிடம் வெளியே தெரியாமலே இருந்து, பிள்ளைக்கு இறங்கும். அதே குடும்பத்தில் தீராத பயம், மனச்சோர்வு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி மற்றதும் குடியிருக்குமாம்.

"அதனால்தான் கேட்கிறேன். உங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி யாராவது உண்டா?"

எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம். இதற்குத்தானே காத்திருந்தேன்! நஸ்ரின் அத்தாவின் பெரியத்தா ஒருத்தர் இருந்தார். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவ உட்கார்ந்தால் தொட்டித் தண்ணீர் தீரும்வரைக்கும் கழுவுவார். சுத்தமாகவில்லையோ என்ற சந்தேகம் அவரை எழுந்திருக்க விடாது. நாங்கள் சிரிப்போம். அதை ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டரம்மா குறித்துக்கொண்டார். நஸ்ரின் அத்தா தலையைக் குனிந்துகொண்டார், பாவம்.

"உங்கள் பக்கம்?"

"எங்க பக்கம் ஒருத்தரும் இல்லை. நாங்க பழவேற்காட்டு ஆளுங்க. எறாவும் நண்டும் தின்னு வளந்தவங்க" என்றேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் நஸ்ரின் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது. அக்காவின் முகம். மிளகாய் சுற்றிய நாட்களில் இருந்த அக்காவின் முகம்.

4

மறுநாள் போன் போட்டேன். முன்பு கோபித்துக்கொண்டு வைத்ததைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அக்கா தங்கைக்குள் அதெல்லாம் கிடையாது.

"அக்கா, அந்த மயக்கம் வந்து விழுந்தியே, அப்போ உனக்கு இன்னா ஒடம்பு?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"டாக்டர் கேக்குறாங்க. ரத்தத்துல வருமாம்."

"எனக்கு ஒன்னுமில்ல. கண்ணு பட்டுச்சு, ஓதினாங்க, சரியாப்போச்சு."

"நஸ்ரின் முப்பதும் பிடிச்சான்னு சொன்ன ஒடனே உனக்கு மட்டும் எப்படிக்கா தெரிஞ்சுது? நான் பெத்தவ, எனக்கே தெரியல."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு படபடவென்று பொரிந்தாள். "பரிதா, ஆயிஷாவுக்கு பொன்னேரியில சம்பந்தம் பேசிக்கினு இருக்கோம். நல்ல எடம். உன் டாக்டரு, ரத்தம், மூள, அது இதுன்னு நீ கத கட்டி உட்டா, குடும்பத்துல பைத்தியம் கீதுன்னு சொல்லிட்டு அவங்க போய்க்கினே இருப்பாங்க. என் பொண்ணு வாய்க்கையில மண்ண அள்ளிப் போடாத."

"உன் பொண்ணு கல்யாணம் பெருசா, என் பொண்ணு உசுரு பெருசா?"

"எனக்கு என் பொண்ணு பெருசு. உனக்கு உன் பொண்ணு பெருசு. இதுல இன்னா கேள்வி?"

வைத்துவிட்டாள். நான் அடுக்களையில் நின்று அவளைத் திட்டினேன். அவள் காதில் விழாது என்பதால் தாராளமாகத் திட்டினேன். இவளுக்கு எல்லாமே கிடைக்கும். சின்ன வயதில் அழகு கிடைத்தது, அம்மாவின் பாராட்டு கிடைத்தது, இப்போது தின்கிற பெண்ணும் பொன்னேரி மாப்பிள்ளையும். எனக்கு என்ன கிடைத்தது? அவளுடைய முகத்தில் என் பிள்ளை, அந்த முகத்தோடு வந்த வியாதி. அவள் வயிற்றில் பிறந்தவளுக்கு என் பசி போயிருக்கிறது. கொடு, என் பசியைத் திருப்பிக் கொடு என்று கேட்க முடியுமா?

அப்படித் திட்டும்போதே பயமும் வந்தது. நான் ஆயிஷாவை நினைத்துப் பொறாமைப்படுகிறேன். என் கண் பட்டு அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? இங்கிலீஷ் டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அம்மா வாசலுக்கு அனுப்பிய பிள்ளை எங்கே போகும்? அக்காவிடம் பேசும்போது ஆயிஷாவின் பேரை எடுப்பதையே நிறுத்தினேன்.

5

குளிர்கால நடுவில் நஸ்ரினுக்கு இதயத் துடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் குழாய். பேசமாட்டாள், என்னைப் பார்க்கமாட்டாள். அக்காவுக்கு நஸ்ரின் அத்தாதான் செய்தி சொன்னார்.

மறுநாள் மதியம் வார்டு வராந்தாவில் என் மொபைல் அடித்தது. நூர் அக்கா. இந்த மனுஷி என் வாழ்க்கையில் வெளிநாட்டுக்குக் காசு போட்டுக் கூப்பிட்டதே இல்லை. மிஸ்டு கால் கொடுப்பாள், நான்தான் திருப்பிக் கூப்பிடவேண்டும். நான் கட் செய்யப் போனேன். அது நிற்கவே இல்லை, எடுத்தேன்.

"டாக்டரம்மா கேட்டாங்கல்ல, உங்க பக்கம் யாருன்னு? நான்தான்னு சொல்லு."

நஸ்ரின் காதில் விழாதபடி வராந்தாவின் கோடிக்கு நகர்ந்தேன்.

"எனக்கும் முப்பது வந்துச்சுடி. ரெண்டு வருசம். அம்மா தெருவெல்லாம் சொல்லி பெருமப்பட்டுக்கினு இருந்தாங்க. சோத்தப் பாத்தாலே எனக்கு பயம். ஒரு பருக்க உள்ள போனாலும் ஒடம்பு ஊதுற மாதிரி இருக்கும். யார்கிட்ட சொல்றது? சொன்னா பேய் புடிச்சிருக்குன்னு தர்காவுல கட்டிப் போடுவாங்க."

"நீ துன்னியேக்கா. என்கூட ஒரே தட்டுலதானே துன்னே? தெனமும் பாத்தேனே."

"இன்னாத்த துன்னேன்? தட்டுல கைய வெச்சிக்கினு இருப்பேன். என் பக்கத்து சோத்த கொஞ்சம் கொஞ்சமா உன் பக்கம் தள்ளிக்கினே இருப்பேன். நீ குனிஞ்ச தல நிமிராம துன்னுக்கினே இருப்ப. அம்மா வந்து பாத்தா தட்டு காலி. கல்யாண ஊட்டு சஹன்லயும் உன் பக்கத்துலதான் எடம் புடிப்பேன். நீ மட்டும் இல்லன்னா அன்னிக்கே மாட்டியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. உரல் உரல் என்றார்களே! அந்த உரலில் பாதி அவள் சோறு. அதை நான் தின்று, நான் ஏச்சு வாங்கி, அவள் பாராட்டு வாங்கியிருக்கிறாள். வராந்தாவில் ஒரு நர்ஸ் நின்று, "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அப்போ என் கண்ணு?" என்றேன்.

"இன்னா கண்ணு?"

"என் கண்ணு பட்டுச்சுன்னு அம்மா மொளகா சுத்துவாங்களே. என்ன வாசல்ல நிக்க வெச்சு."

"அடிப் பாவி, இத்தினி வருசமா அத மனசுல வெச்சிக்கினா இருந்த? உன் கண்ணு தட்டு மேலதான்டி இருந்துச்சு. என் மேல எங்க பட்டுச்சு?"

நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவளும் அங்கே அழுதாள். அழுகைக்கும் அவள் காசுதான் போய்க்கொண்டிருந்தது.

எப்படிச் சரியானது என்று கேட்டேன். கல்யாணமானபிறகு மாமியார் ஆளுக்கொரு தட்டு வைக்கிற பழக்கக்காரி, எதிரில் உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள், அந்தக் கிழவியை எப்படி வெறுத்தேன் தெரியுமா என்றாள். "அதனாலதான் சரியாச்சா, ஆயிஷா வயித்துல வந்ததால சரியாச்சா, எனக்குத் தெரியாது. முழுசா சரியாச்சான்னும் தெரியாது. இன்னிக்கும் சஹன்ல உக்காந்தா பேஜாராத்தான் கீது."

பொன்னேரி சம்பந்தத்தைக் கேட்டேன். "ஆயிஷாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அவளுக்கோ அவ பொண்ணுக்கோ வந்தா, மொளகா சுத்திக்கினு இருக்கக்கூடாதுல்ல? மாப்ளகிட்ட அவளே சொல்லிக்கிறேன்னா. அதுக்கு ஓடிப்போற ஆளுன்னா இப்பவே ஓடட்டுமாம்."

ஓடவில்லை என்பது பிறகு தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். அதனால் மருந்து மாறவில்லை, குழாயும் உடனே வெளியே வரவில்லை. ஆனால் பக்கத்திலேயே படுக்கையில் நஸ்ரின் கேட்டுக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து, "நூர் பெரியம்மாவா? அவங்க சாப்பிடுறாங்களே!" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் போனைக் கேட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். அவள் வீடு திரும்பியபிறகும் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் அறைக்கதவு சாத்தியிருக்கும், நான் துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் வெளியே நிற்பேன். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நஸ்ரினுக்குத் தமிழ் பாதிதான் வரும். என்னிடம் இங்கிலீஷில் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறவள், அக்காவிடம் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் மறைக்க வழியில்லாமல், "பயமா இருக்கு பெரியம்மா. சோறு பாத்தா பயமா இருக்கு" என்றாள். "ஆமாண்டி கண்ணு, இருக்கும்" என்றது போன். அவ்வளவுதான் பேச்சு. நான் பெற்றவள், கதவுக்கு வெளியே. எவளைப் பார்த்து ஆயுசெல்லாம் முறைத்தேனோ அவளிடம் என் பிள்ளை மனசைத் திறக்கிறாள். பொறாமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

6

இந்த ரமலானில் நஸ்ரின் நோன்பு பிடிக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நோயாளிக்கு நோன்பு இல்லை என்று பள்ளிவாசல் இமாமும் சொன்னார். அவள் அழுதாள். "நீங்க மட்டும் பிடிக்கிறீங்க" என்று என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், நான் அதைக் கண்டுபிடித்தவள். தினமும் மதியம் நான் நோன்போடு அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்காமல் இருந்தேன். சில நாள் தட்டு பறந்தது. சில நாள் என்னை வெறுப்பதாகச் சொன்னாள். வெறுத்துக்கொள் என்றேன்.

நேற்றுப் பெருநாள். ஊரிலிருந்து கொண்டுவந்து பரண்மேல் கிடந்த சஹன் தட்டை நஸ்ரினே இறக்கிக் கழுவினாள். இவ்வளவு நாளும் அவளுக்குத் தனித் தட்டுதான், அதுதான் வைத்தியம். "ஒருநாள் மட்டும்" என்றாள். டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் சரி என்றார். நெய்ச்சோறும் கறியும் வைத்து, மூன்று பேரும் தரையில் சுற்றி உட்கார்ந்தோம். நாலாவது ஆள் உட்காரவேண்டிய இடத்தில், ஸ்பீக்கர் போட்டு, போன். அங்கே இன்னும் கடைசி நோன்பு. நோன்பு திறக்க அரைமணி இருந்தது. அடுப்பில் அக்கா கஞ்சி கிண்டுகிற சத்தம் கேட்டது.

பேசிக்கொண்டே தின்றோம். நஸ்ரின் அத்தா வேலையிடத்துக் கதை சொன்னார். நான் சிரித்துக்கொண்டே குனிந்தேன். என் பக்கத்துச் சோறு குறையவே இல்லை. பார்த்தால், நீண்ட விரல்கள் இரண்டு, ஒரு கறித்துண்டை மெதுவாக, மெதுவாக என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு பிடி சோறு. என் கை பழக்கத்தில் அதன்மேல் போய்விட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம்!

நிறுத்தினேன். துண்டையும் சோற்றையும் அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நஸ்ரின் அத்தா கதையை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னா, சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

"பெரியம்மா, அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க."

"எத?"

"நான்... தள்ளினத."

கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அக்கா சொன்னாள்: "அவளே துன்னலியா? அப்ப நீதான்டி துன்னணும். சீக்கிரம் துன்னுட்டு போன வை, எனக்குப் பசிக்குது."

பசிக்குது. ஒரே கூரையின் கீழே வளர்ந்தோம், ஒரே தட்டில் கை வைத்தோம். நூர் அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

நஸ்ரின் சிரித்தாள். துண்டை எடுத்து வாயில் வைத்தாள், ரொம்பநேரம் மென்றாள், விழுங்கினாள். பிறகு சோற்றையும். நான் கெஞ்சியிருந்தால் அது தட்டிலேயே கிடந்திருக்கும், என் அக்கா சொன்னாள், தின்றுவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும்.